துவைக்கும் மூலையும் தூய்மைக்குரிய இடமே

பெரிய ஆலயங்களை வலம் வரும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே பொருள்கள் தமக்குரிய இடத்தைவிட்டு அலைவதில்லை. நைவேத்தியம் ஆவது திருமடைப்பள்ளியில்; அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருப்பது உக்கிராணத்தில்; உற்சவ வாகனங்கள் நிற்பது வாகன மண்டபத்தில்; மாலைக்குரிய மலர் பூப்பது நந்தவனத்தில். அபிஷேக நீர் வெளியேறுவதற்குக்கூடக் கோமுகி என்றொரு வழி வகுக்கப்பட்டுள்ளது. பயன்பட்ட நீர் தேங்கி நிற்கலாகாது என்பதை ஆலயம் அமைத்தவர்கள் அறிந்திருந்தனர்.

இல்லத்தையும் ஆலயம்போல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியோர் சொல்வதுண்டு. அதைக் கேட்டவுடன் பூஜை அறை நம் நினைவுக்கு வரும். அடுத்தபடியாகச் சமையலறை வரும். துணி துவைக்கும் மூலை யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால், பூஜைக்கு உடுத்தும் ஆடை தூய்மை பெறுவது அந்த மூலையில்தான். விளக்கேற்றுவதற்கு முன்பே வழிபாடு அங்கே தொடங்கிவிடுகிறது.

துணி வெளுக்கும் பணியையே சிவத்தொண்டாகச் செய்து அறுபத்துமூவருள் ஒருவரானவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். காஞ்சி மாநகரில் வாழ்ந்த அவர், அடியார்களின் முகக் குறிப்பிலிருந்தே அவர்கள் வேண்டுவதை உணர்ந்து பணி செய்ததால் அப்பெயர் பெற்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரிய புராணம் அவர் வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஓர் அடியார் வந்தார். கந்தையை வெளுத்துப் பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும், இல்லையேல் குளிரால் உடல் துன்புறும் என்றார். நாயனாரும் அவ்வாறே தருவதாக வாக்களித்தார். துவைத்து முடித்த வேளையில் பெருமழை பிடித்தது, மாலையாகியும் விடவில்லை. அடியாருக்குத் தீங்கு செய்துவிட்டோமே என்று கலங்கிய நாயனார், துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். அக்கல்லினருகே எழுந்த இறைவன் திருக்கரம் அவரைத் தாங்கிப் பிடித்தது.

இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வந்த அடியாருக்கு இருந்தது ஒரே கந்தை. அது உலராவிட்டால் அன்றிரவு உடுக்க வேறில்லை. நம் இல்லங்களிலோ நிலை வேறு. உடுப்பவை சில, உடுக்காமல் கிடப்பவை பல. துவைக்கும் இடத்தில் கால் வைக்க வழியில்லாமல் செய்பவை பெரும்பாலும் உடுக்காமல் கிடப்பவையே.

அடுக்ககங்களில் அந்த இடம் சமையலறையை ஒட்டிய ஒரு சிறு தடுப்பாகவே இருக்கும். சலவை இயந்திரம் பாதியை அடைத்துக்கொள்ளும். மீதியில் மூன்று வாளிகள், அவற்றுள் ஒன்று விரிசல் விட்டது, தேய்ந்த துடைப்பங்கள், அரைகுறையாய்ப் பயன்படுத்திய சோப்புத்தூள் பொட்டலங்கள், மழைக்காலத்தில் கட்டிதட்டிப்போன நீலம், இணை பிரிந்த காலுறைகள், என்றாவது உதவும் என்று சேர்த்த அட்டைப்பெட்டிகள், மேல்பரணில் பழைய மெத்தையுறைகள். அங்கே ஒரு பொருளை எடுக்க நாலு பொருளை நகர்த்த வேண்டியிருக்கும். இளவயதில் அது வெறும் தொல்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கோ அது ஆபத்து.

சென்னைப் புறநகர் ஒன்றில் எழுபதைக் கடந்த ஒரு தம்பதியர். மக்கள் இருவரும் வெளிநாட்டில் வாழ்கின்றனர். வீட்டில் துவைக்கும் இடம் ஐந்தடி நீளம், நான்கடி அகலம். ஓர் ஆடி வெள்ளியன்று காலை, மடிப்புடவையை உயரக் கொடியில் உலர்த்துவதற்காக அம்மையார் முக்காலிமேல் ஏறினார். தரையில் சிந்தியிருந்த சோப்பு நீரில் முக்காலி வழுக்கியது. இயந்திரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டதால் இடுப்பெலும்பு தப்பியது. மணிக்கட்டுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அவர் கையால் கோலமில்லை. சமையலும் நைவேத்தியமும் கணவரின் பொறுப்பாயின.

கட்டுப் பிரித்த பிறகு இருவரும் அந்த இடத்தை ஒழுங்கு செய்ய முனைந்தனர். வாளிகளிலும் பொட்டலங்களிலும் கருத்து வேறுபாடு எழவில்லை. இயந்திரத்தின் பின்புறமிருந்த தகரப்பெட்டியைத் திறந்தபோதுதான் பேச்சு நின்றது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் மறைந்த மாமியாரின் ஒன்பது கெஜப் புடவைகள் மூன்று அதிலிருந்தன.

“உங்கள் அம்மா உடுத்திப் பாராயணம் செய்த புடவைகள். இவற்றை எப்படிக் கழிப்பது?” என்றார் அம்மையார்.

“கழிக்கச் சொல்லவில்லை. ஈரம் படியும் மூலையில் பதினோர் ஆண்டு பூட்டி வைத்ததை மட்டும் அம்மா ஒப்புக்கொள்வாளா?” என்றார் கணவர்.

பிரித்துப் பார்த்தார்கள். பட்டுப் புடவை முழுதாக இருந்தது. பாச்சை உருண்டை பட்ட இடத்தில் ஜரிகை மட்டும் கறுத்திருந்தது. நூல் புடவைகளில் ஒன்று உறுதியாகவும், மற்றொன்று மடிப்புதோறும் நைந்தும் இருந்தன. பட்டுப் புடவையை வெயில் படாமல் காற்றாட விட்டு, பழைய மெல்லிய வேட்டியில் சுற்றி அலமாரிக்கு மாற்றினார்கள். ஆண்டுதோறும் மாமியாரின் திதியன்று அம்மையார் அதை உடுத்துவது என்று முடிவாயிற்று. உறுதியான நூல் புடவை, பிறக்கவிருக்கும் கொள்ளுப்பேரக் குழந்தைக்கு விரிப்பாகத் தைக்கப்பட்டது. நைந்ததைக் கையிலெடுத்தபோது அம்மையார் சிறிது தயங்கினார். மாமியாரும் தம் பழைய புடவைகளைக் கிழித்துத்தான் குத்துவிளக்கு துடைக்க வைத்துக்கொள்வார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதன் பிறகு தயக்கமில்லை.

இத்தகைய வேலையைத் தொடங்குவோர் சில முறைகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, ஒரே நாளில் முடிக்க எண்ணலாகாது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பொருளை வெளியே கொடுப்பதில்லை என்னும் வழக்கமுடையோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். பரணில் உள்ளவற்றை இறக்க இளைஞர் ஒருவரின் துணை வேண்டும். முதியோர் முக்காலியிலோ ஏணியிலோ ஏறவே கூடாது.

இரண்டாவது, பொருள்களை மூன்றாகப் பிரித்தல். வாரந்தோறும் கைபடுபவை அங்கேயே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுபவை அலமாரிக்கோ பரணுக்கோ செல்லட்டும். ஓராண்டாக எவரும் தொடாதவை வீட்டைவிட்டு வெளியேறட்டும். நினைவுக்குரிய பொருள் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டாம்; இறுதியில், குடும்பத்தார் உடனிருக்கையில் எடுக்கலாம். அதற்குரிய இடம் ஈரமான மூலை அன்று.

மூன்றாவது, கனமானவை இடுப்பளவு உயரத்தில் இருத்தல் வேண்டும். பதினைந்து லிட்டர் கொள்ளும் வாளியில் நீர் நிறைத்தால் எடை பதினைந்து கிலோவைத் தாண்டும். அதை ஒரே கையால் தூக்கும் முதியவரின் முதுகு என்னாகும்? சிறு வாளியில் பாதி நீரோடு இருமுறை நடப்பது மேல். அன்றாடம் எடுக்கும் சோப்புத்தூள், மூடியிட்ட டப்பாவில், குனியாமலும் எம்பாமலும் கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். ஈரக்காற்று புகாவிட்டால் அது கட்டிதட்டாது.

நான்காவது, தரை. துவைத்து முடித்தவுடன் சோப்பு நீரைத் தள்ளிவிட்டு, தரையை நல்ல நீரால் அலசி உலர விட வேண்டும். நீர்போகும் வாயில் நூலும் முடியும் அடைத்திருந்தால் வாரந்தோறும் எடுத்துவிட வேண்டும். சறுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றும், சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி ஒன்றும் பெருஞ்செலவு ஆகாதவை. ஈரக்கையால் மின்விசையைத் தொடலாகாது என்பதையும், இயந்திரத்தின் மின் இணைப்புக்கு நில இணைப்பு இருக்கிறதா என மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, மிகவும் முக்கியமானது. வெளுப்பானும், கழிவறை கழுவும் அமிலமும் ஒரே தட்டில் அருகருகே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறு இடத்தில் அது மூச்சைத் திணறடிக்கும். ‘இரண்டையும் சேர்த்தால் கறை நன்றாகப் போகும்’ என்று எவரேனும் சொன்னால் கேட்கலாகாது. இவற்றையும் தரை கழுவும் பினாயிலையும் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை இன்றே விட்டொழிக்க வேண்டும். பார்வை மங்கியவர்களும் குழந்தைகளும் நீர் என்றெண்ணிப் பருகிவிடுவர்.

பாச்சை உருண்டையும் பூஜைக் கற்பூரமும் பார்வைக்கு ஒன்றுபோல் வெண்மையானவை. ஆதலின் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பாச்சை உருண்டையைச் சிறு துணிப்பையில் முடிந்து, பட்டின்மேல் நேரே படாதவாறு வைக்க வேண்டும். பேரக்குழந்தைகள் வரும் வீடுகளில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. ஜி-6-பி-டி எனப்படும் நொதிக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையோடு இருந்த துணியைப் போர்த்தினாலே இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை காணக்கூடும். எனவே குழந்தைகளின் துணிகளில் அதை இடவே வேண்டாம். காய்ந்த வேப்பிலையோ வசம்போ இட்டால் போதும்.

சலவை இயந்திரத்துக்கும் சிறிது கவனிப்பு வேண்டும். முன்புறம் கதவுள்ள இயந்திரத்துக்கு அதற்கென்று விற்கப்படும், நுரை குறைந்த தூளையே இட வேண்டும். தூள் மிகுந்தால் வெண்மை மிகும் என்பது தவறான எண்ணம். அலசினாலும் போகாமல் துணியில் தங்கி, முதியோரின் மெல்லிய தோலில் அரிப்பை உண்டாக்கும். துவைத்த பின் கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் உள்ளே பூஞ்சை நாற்றம் பிடிக்காது. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றி அலசுதல் நலம்.

மடி ஆசாரம் காப்போருக்கு ஐயம் எழலாம்: இத்துணை சிறிய இடத்தில் மடித்துணிக்குத் தனியிடம் எங்கே? கொடியை உயரத்தில் கட்டியது, போவோர் வருவோர் தொடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். முதியவர் ஏறி விழவேண்டும் என்பதற்காக அன்று. கயிற்றை இழுத்தால் தாழவும் உயரவும் கூடிய கொடிகள் இப்போது கிடைக்கின்றன. தாழ இறக்கித் துணியைப் போட்டு, மீண்டும் உயர்த்திவிட்டால் ஆசாரமும் காக்கப்படும், உடம்பும் காக்கப்படும். அது அமையாத வீடுகளில் பழைய மடிக்கோலே போதும். தரையில் நின்றபடி துணியை எடுத்துப் போடலாம். பல கொடிகளுள் ஒன்றை மடிக்கென்றே ஒதுக்கிவிட்டு, விழுப்புத் துணிகளுக்கு மூடியுள்ள தனிக்கூடை வைத்தால் இரண்டும் கலவா.

வெளியேற்றும் துணிகளை என்ன செய்வது? போகிப் பண்டிகையில் பழையன கழிப்பது மரபு. ஆனால் செயற்கை இழைத் துணிகளையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் எழும் புகை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் கேடு தருவது. எரிக்காமல் கொடுத்துவிடுவதே மேல். கொடுப்பதற்கும் முறையுண்டு. துவைத்து, உலர்த்தி, பொத்தான் இல்லாததற்குப் பொத்தான் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். நமக்கு உடுக்கத் தகாத கிழிசலைப் பிறருக்குத் தருவது தானமாகாது. அது துடைக்கும் துணியாக வீட்டிலேயே இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களையும், வீட்டுவேலைக்கு உதவும் அம்மாக்களையும் முதலில் கேட்டு, வேண்டும் என்றால் தரலாம். எதைத் தருகிறோமோ அது அவர்களுக்குப் பயன்படுமா என்று பார்த்துத் தருவதே திருக்குறிப்புத் தொண்டர் காட்டிய வழி.

அப்பர் பெருமான் உழவாரப்படையைக் கையில் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல்லைச் செதுக்கினார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலை நாள்தோறும் அலகிட்டு மெழுகினார். இன்றும் கோயில்களில் உழவாரப் பணி செய்யும் அடியார் குழுக்கள் உண்டு. முழங்கால் வலியால் அப்பணிக்குச் செல்ல இயலவில்லையே என்று வருந்தும் முதியோர் பலர். அவர்கள் தம் வீட்டில் ஐந்தடி இடத்தைத் துப்புரவு செய்வதையும் அத்தகைய பணியாகவே கொள்ளலாம்.

சித்திரை மாதச் சுவாதி நட்சத்திரம் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் குருபூஜை நாள். அதற்கு முன்பாக ஒரு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எந்த வீட்டின் துவைக்கும் மூலையும் சீராகிவிடும். குருபூஜையன்று காலையில் அவ்விடத்தை அலசி உலர்த்தி, அங்கே துவைத்த தூய ஆடையை உடுத்திக்கொண்டு, பக்கத்துச் சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசையில் நிற்கும் அவரைத் தேடி ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரலாம்.