அன்னி ஆல்பர்ஸின் துணிகள்

அன்னி ஆல்பர்ஸ் (1899-1994) குறித்துப் பேசுகிறவர்கள் மகிழ்ச்சியோடு ஒன்று சொல்வதுண்டு: நெசவாளராக மட்டுமே கருதப்பட்டவர் கடைசியில் கலைஞராக அங்கீகரிக்கப்பட்டுவிட்டார் என்று. 2018இல் லண்டன் டேட் மாடர்னில் நடந்த பெரிய கண்காட்சியை ஒட்டியும் இப்பேச்சு நிறையவே எழுந்தது. எனக்கு இந்த மகிழ்ச்சியில் பங்கில்லை. பதவி உயர்வு பெற்ற குமாஸ்தாவைத் தட்டிக்கொடுக்கும் தொனி அதில் இருக்கிறது.

1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கல்விக்கூடத்தில் சேர்ந்தபோது அவர் விரும்பியது கண்ணாடிப் பட்டறையை. பெண்களுக்கு அங்கே பெரும்பாலும் திறந்திருந்ததோ நெசவுப் பட்டறையின் கதவுதான். அரைமனதோடு நுழைந்தவர் என்ன செய்தார் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பெர்லினுக்கு அருகே பெர்னாவில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கில் எதிரொலி பெரும் தொல்லையாக இருந்தது. அன்னி அதன் சுவர்களுக்கென ஒரு துணி நெய்தார். அதன் முன்புறத்துச் செல்லோஃபேன் இழை ஒளியைத் திருப்பி அனுப்பும். பின்புறத்துப் பொசுபொசுப்பான பருத்தி நூல் ஒலியை விழுங்கும். 1930இல் அவருக்குப் பட்டயம் பெற்றுத் தந்தது இந்தத் துணி. சட்டமிட்டு மாட்டுவதற்காக நெய்யப்பட்டதல்ல அது. ஓர் இயற்பியல் கேள்விக்குப் பாவும் ஊடையும் சேர்ந்து தந்த விடை. இதை ஆய்வு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. யூத வம்சத்தில் வந்த அன்னி, கணவர் யோசெஃப்புடன் அமெரிக்கா சென்று, வட கரோலைனாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரை கற்பித்தார். அந்த வகுப்பில் உட்காரக் கொடுத்துவைத்தவர்கள் மேல் எனக்குப் பொறாமைதான். சோள மணிகளையும் புல்லையும் முறுக்கிய காகிதத்தையும் அடுக்கி, ஒரு துணியின் பரப்பு எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று மாணவர்களைத் தேடச் சொல்வார். இடுப்பில் வாரால் பிணைத்துக்கொண்டு நெய்யும் தறியை அவர்கள் கையில் கொடுத்தார். மிதியில்லை, சட்டமில்லை, சில குச்சிகள்தாம். பழம்பெரு நாட்டு நெசவாளர்கள் அத்தகைய எளிய தறிகளில் இரண்டு மூன்று அடுக்குத் துணிகளை ஒருசேர நெய்திருக்கிறார்கள். அவர்களையே தன் ஆசான்களாக வரித்து, 1965இல் வெளியான நெசவு குறித்த தன் நூலை அவர்களுக்குச் சமர்ப்பித்தார். தறியில் இழை எண்ணிப் பழகிய கை அந்நூலின் பக்கந்தோறும் தெரிகிறது. நெய்ததும் கற்பித்ததும் ஆராய்ந்ததும் அவருக்கு மூன்று வேலைகளாக இருந்திருக்க முடியாது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949இலேயே அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்திவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் தறியை விட்டு அச்சோவியங்களுக்குப் போனார். இழையில் செய்தால் கைத்தொழிலாகவும் காகிதத்தில் செய்தால் கலையாகவும் பார்க்கிறார்கள் என்பதை அவரே சுட்டிக்காட்டியிருக்கிறார். அதைப் புகாராகக் கேட்க வேண்டியவர்கள்தாம் இப்போது வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.