நடுவரின் மௌனம் நடுநிலை அன்று

பந்தை உதைக்கலாம், எதிராளியின் காலெலும்பையும் உதைக்கலாமா? ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் பிறந்தபோது அதன் முன் நின்ற பெருங்கேள்வி இதுவே. 1863ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் கூடிய கழகங்கள், காலை உதைக்கும் ‘ஹேக்கிங்’ வழக்கத்தை நீக்குவதென முடிவெடுத்தன. பிளாக்ஹீத் கழகத்தின் பிரான்சிஸ் கேம்ப்பெல் இதை ஏற்கவில்லை. ஹேக்கிங் போனால் ஆட்டத்தின் துணிவே போய்விடும், ஒரு வாரப் பயிற்சி பெற்ற பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டே உங்களைத் தோற்கடித்துவிடலாம் என்று அவர் எள்ளினார். பிளாக்ஹீத் வெளியேறியது, 1871இல் ரக்பி ஒன்றியத்தைத் தோற்றுவித்த கழகங்களுள் ஒன்றாயிற்று.

வாக்கெடுப்பில் கேம்ப்பெல் தோற்றார். ஆனால் அவருடைய மனப்பான்மை தோற்கவில்லை. வலியைத் தாங்குவதே ஆண்மை, வலியைத் தருவது அதன் மறுபக்கம் என்னும் எண்ணம் ஆங்கில மைதானங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலவியது. இன்றும் முற்றாக அகலவில்லை. 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் மோதியதில் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்னத்து எலும்பு முறிந்தது. மாற்று வீரருக்கு அன்று இடமில்லை. மெக்பார்லண்ட் தொடர்ந்து ஆடி இரண்டு கோல்கள் அடித்தார். வில்லா 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் அதே யுனைடெட்டின் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து நாட் லாஃப்ட்ஹவுஸ் கோலுக்குள் தள்ளினார். கோல் செல்லும் என்றார் நடுவர்.

1970ஆம் ஆண்டு செல்சீ, லீட்ஸ் அணிகள் ஓல்ட் டிராஃபர்டில் மோதிய மறு இறுதியாட்டம் இந்த மரபின் உச்சம். நடுவர் எரிக் ஜென்னிங்ஸ் அந்த ஆட்டம் முழுவதிலும் எச்சரித்தது ஒரே ஒரு வீரரை. பிற்காலத்தில் டேவிட் எல்லரே என்னும் நடுவர் அதே ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தம் காலத்து அளவுகோலால் மதிப்பிட்டபோது, ஆறு சிவப்பு அட்டைகள் காட்டியிருக்க வேண்டும் என்றார். 2020இல் அதே பணியைச் செய்த மைக்கேல் ஆலிவர் கண்டவை பதினொன்று. ஆட்டம் அதேதான், மாறியது பார்வை. கால்பந்தில் ‘முரட்டுத்தனம்’ என்பது களத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, நடுவரின் விசிலிலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய சட்டநூல் குழப்பமானதன்று. பன்னிரண்டாம் விதி தவறான மோதலை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் போதும்; எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆட்டம் என்றால் மஞ்சள் அட்டை; மிகைவலு என்றாலோ, எதிராளியின் பாதுகாப்புக்குக் கேடு என்றாலோ சிவப்பு. ‘பந்தைத்தான் தொட்டார்’ என்ற வாதத்துக்கும், ‘வேண்டுமென்றே செய்யவில்லை’ என்ற வாதத்துக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் ஆங்கில வர்ணனைகளில் வார இறுதிதோறும் ஒலிப்பவை இவ்விரண்டு வாதங்களே.

சட்டம் தெளிவாக இருக்கையில் சிக்கல் எங்கே? தனித்தனி ஃபவுல்களில் அன்று, அவற்றின் தொகுப்பில். 2004 அக்டோபரில் ஆர்சனலின் 49 ஆட்டத் தோல்வியில்லா ஓட்டத்தை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என முறித்த நாளை நினைவுகூரலாம். ஆர்சனலின் இளம் ஸ்பானிய வீரர் ஹோசே அந்தோனியோ ரேயஸை நெவில் சகோதரர்கள் மாறிமாறி வீழ்த்தினர். அது திட்டமிட்ட உத்தியே என்பதைக் கேரி நெவில் பின்னாளில் மறைக்கவில்லை. நடுவர் மைக் ரைலி அன்று எவரையும் வெளியேற்றவில்லை. ரூட் வான் நிஸ்டல்ராய் ஆஷ்லி கோலின் முழங்காலில் காலணியைப் பதித்ததற்கும் ஆட்டம் முடிந்த பிறகே மூன்று ஆட்டத் தடை வந்தது. அந்தத் தடையால் ஆர்சனலுக்கு ஆன பயன் ஏதுமில்லை.

இங்கே எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நடுக்களத்தில் ஓர் ஆட்டக்காரரை வீழ்த்தினால் கிடைக்கும் தண்டனை ஒரு ஃப்ரீ கிக்; கிடைக்கும் லாபம் எதிரணியின் வேகமும் அந்த ஆட்டக்காரரின் துணிவும். நான்கு பேர் ஆளுக்கொருமுறை வீழ்த்தினால் நால்வருக்கும் அது முதல் குற்றம். அடிபட்டவருக்கோ நான்காவது அடி. மீண்டும் மீண்டும் தவறிழைப்பவருக்கு மஞ்சள் அட்டை உண்டு என்று விதி சொல்கிறது. எத்தனை முறை என்று எண்ணிக்கை வைக்கவில்லை. அந்த நெகிழ்வு நடுவரின் விவேகத்துக்காக விடப்பட்டது. தேர்ந்த பயிற்சியாளர்கள் அதைத் தங்கள் உத்திக்கான இடைவெளியாக மாற்றிக்கொண்டனர்.

‘ஆட்டத்தை ஓடவிடுவது’ நல்ல நடுவரின் அடையாளம் என்று ஆங்கிலக் கால்பந்து போற்றுகிறது. அதன் எல்லையை 2016 மே 2ஆம் நாள் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் காணலாம். வாகையர் பட்டத்துக்கான நம்பிக்கையைக் காக்க வெற்றி தேவைப்பட்ட டாட்டன்ஹாம், 2-0 என்ற முன்னிலையை இழந்து செல்சீயிடம் 2-2 எனச் சமன் செய்தது. பட்டம் லெஸ்டருக்குப் போயிற்று. டாட்டன்ஹாம் வீரர்கள் ஒன்பது பேருக்கு மஞ்சள் அட்டை; சிவப்பு ஒன்றுகூட இல்லை. எதிராளியின் கண்ணில் விரலிட்ட மூசா டெம்பெலேவுக்குப் பின்னர் ஆறு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் அடுத்த ஆண்டு ஒரு நேர்காணலில் தம் உட்கிடையை வெளிப்படுத்தினார்: வீரர்களை வெளியேற்றியிருந்தால் டாட்டன்ஹாம் தோல்விக்குப் பழி தம்மேல் விழுந்திருக்கும், ஆகவே அவர்கள் தாமே அழியட்டும் என்று விட்டதாகச் சொன்னார்.

இந்த ஒப்புதலின் கனம் போதிய அளவு உணரப்படவில்லை. அட்டை காட்டுவது மட்டுமே நடுவரின் தலையீடு என்றும், காட்டாதிருப்பது தலையிடாமை என்றும் பொதுப்புத்தி நம்புகிறது. உண்மையில் காட்டாத அட்டையும் ஒரு தீர்ப்பே. அதன் பயன் எப்போதும் உதைத்தவனுக்கு, உதைபட்டவனுக்கு ஒருபோதும் இல்லை.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தோளோடு தோள் மோதுவது சட்டத்துக்கு உட்பட்டது. அதை நீக்கினால் கால்பந்து வேறோர் ஆட்டமாகிவிடும். சாம் அலர்டைஸின் போல்டனும் டோனி பியூலிஸின் ஸ்டோக்கும் பணபலம் மிக்க கழகங்களை எதிர்கொள்ள உயரத்தையும் உடல்வலுவையும் நம்பியதில் இழிவு எதுவும் இல்லை. கேம்ப்பெல் எள்ளிய பிரெஞ்சு இனத்திலிருந்தே வந்து ஆர்சனலை மூன்று முறை லீக் வாகையராக்கிய ஆர்சன் வெங்கர், ஸ்டோக்கின் ஆட்டத்தை ரக்பியோடு ஒப்பிட்டபோது அதில் ஏழை எளிய அணிகள்மீதான ஏளனம் தொனித்தது என்று சினந்தவர்கள் உண்டு. ஆனால் உயரம் வேறு, பிடித்திழுத்தல் வேறு. ரோரி டெலப்பின் நீண்ட த்ரோ ஒரு திறமை. அது விழும் இடத்தில் கோல்கீப்பரின் கைகளை அசையவிடாமல் செய்வது திறமையன்று.

நடுவர்கள் உறுதியாக நின்றால் இது மாறும் என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. 2016 ஆகஸ்டில், கார்னரின்போது பிடித்திழுப்பதைத் தண்டிக்க வேண்டும் என்ற புதிய அறிவுறுத்தலோடு பருவம் தொடங்கியது. ஸ்டோக், மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில் மைக் டீன் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு பெனால்டி கொடுத்தார், இரண்டும் பிடித்திழுத்ததற்கே. கூக்குரல் எழுந்தது. மாதங்கள் செல்லச் செல்ல விசில் ஓய்ந்தது. கைகள் மீண்டும் சட்டைகளைப் பற்றின. 2019இல் வந்த வீடியோ உதவி நடுவர் முறையும், தெளிவான பிழையை மட்டுமே திருத்துவது என்ற வரம்புக்குள் நிற்பதால், பெனால்டிப் பரப்பின் அன்றாட மல்யுத்தத்தை முடித்துவைக்கவில்லை.

இதற்கான விலை உடல்களால் செலுத்தப்படுகிறது. 2008 பிப்ரவரியில் மார்ட்டின் டெய்லரின் தடுப்பில் எடுவர்டோவின் கால் முறிந்தது ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்தில். 2010 பிப்ரவரியில் ரயன் ஷாக்ராஸின் தடுப்பில் கால் முறிந்தபோது ஆரன் ராம்சிக்கு வயது 19. இரு தடுப்பாளர்களுக்கும் சிவப்பு அட்டை உடனே கிடைத்தது. இருவரும் தீய நோக்கம் உடையவர்கள் என்று சொல்ல முகாந்திரமில்லை. ஆனால் அட்டை எலும்பை ஒட்டவைக்காது. தண்டனை காயத்தின் அளவைப் பார்த்து வருமாயின் அது காலங்கடந்தே வரும். ஆபத்தின் அளவைப் பார்த்து வந்தால் மட்டுமே அது தடுக்கும்.

ஆகவே புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முதல் ஆபத்தான தடுப்பு ஐந்தாம் நிமிடத்தில் நிகழ்ந்தாலும் அட்டை அப்போதே வர வேண்டும். ஃபவுல்களை இழைத்தவர் கணக்கில் மட்டுமன்றி, பட்டவர் கணக்கிலும் எண்ண வேண்டும். ஒருவரைக் குறிவைத்து மாறிமாறி வீழ்த்தும் அணியில் மூன்றாமவருக்கு ‘இது என் முதல் குற்றம்’ என்ற சலுகை கூடாது. ஆகஸ்டில் அறிவித்த கண்டிப்பு மே மாதம் வரை நீடிக்க வேண்டும். காலை உதைப்பது ஆட்டமன்று என்று 1863இல் முடிவு செய்தாயிற்று; அந்த முடிவை ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறைவேற்றும் கடமை விசிலை ஏந்தியவர்களுடையது.