ஏழு நாள் பால் யார் கணக்கில்?

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை எவை? வெள்ளை அங்கி அணிந்த டாக்டர், கண்ணாடிக் குழாய்கள், பெருநகரத்து மருத்துவமனை. மாட்டுத் தொழுவம் ஒருநாளும் வந்து நிற்பதில்லை. சாணமும் மூத்திரமும் மணக்கும் அவ்விடத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் என்ன உறவு என்று கேட்பாரும் நம் மாணவ நண்பர்களிடையே உளர். உறவு உண்டு. நாளை நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சிலே சளி கட்டினால், டாக்டர் கொடுக்கும் மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பதில் ஒரு பங்கு அந்தத் தொழுவத்திலும் தீர்மானமாகின்றது.

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய பேருரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். அளவு குறைத்து மருந்துண்பவன் கிருமியைக் கொல்வதில்லை, மருந்தைத் தாங்கிக்கொள்ள அதற்குப் பாடம் கற்பிக்கிறான் என்பது அவர் கருத்து. உலகம் கேட்டதா? கேட்கவில்லை. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் நேரடியாக மாண்டோர் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று, 'லான்செட்' இதழில் 2022இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகின்றது.

இதிலே கால்நடை எங்கே வந்தது? அதற்கும் ஒரு கதை உண்டு. நம் சென்னையோடு தொடர்புடைய கதை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவருடைய மேற்பார்வையில் பெஞ்சமின் டகர் என்பவர் கண்ட 'ஆரியோமைசின்' என்னும் ஆன்டிபயாடிக் 1948இல் வெளிவந்தது. சுப்பாராவும் அவ்வாண்டிலேயே மறைந்தார். சில காலத்திற்குள், அம்மருந்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்டியைத் தின்ற கோழிக்குஞ்சுகள் மற்றவற்றைவிட விரைவாக வளர்வதை அந்நிறுவனத்தார் கண்டனர். அவ்வளவுதான்! நோய் தீர்க்க வந்த மருந்து தீனியாயிற்று. நோயே இல்லாத கோழியும் பன்றியும் நாள்தோறும் சிறிது சிறிதாக அதை உண்ணலாயின. பிளெமிங் எதை அஞ்சினாரோ அதையே மூட்டை மூட்டையாகச் செய்தார்கள். பிரிட்டனில் ஸ்வான் என்பார் தலைமையில் அமைந்த குழு 1969லேயே இது ஆகாது என்றது. வளர்ச்சிக்காகத் தீனியில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் அறவே நிறுத்தியது 2006 ஜனவரியில்தான். இடையில் 37 ஆண்டுகள்! விஞ்ஞானி சொல்வதற்கும் வியாபாரி கேட்பதற்கும் எவ்வளவு தொலைவு பாருங்கள்.

"மாட்டின் குடலிலுள்ள கிருமி மருந்தை எதிர்த்தால் எதிர்த்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?" என்று கேட்கலாம். கிருமிகள் தம் எதிர்ப்பாற்றலைத் தம் சந்ததிக்கு மட்டும் வைத்துச் செல்வதில்லை. பக்கத்து வீட்டாருக்கும் வாரி வழங்குகின்றன. 'பிளாஸ்மிட்' என்னும் சிறு வளையங்களில் அவ்வாற்றலுக்குரிய மரபுக்கூறுகள் அமைந்திருக்கின்றன. அவ்வளையம் ஓரினக் கிருமியிலிருந்து வேற்றினக் கிருமிக்கும் தாவும். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. பிற மருந்துகள் யாவும் கைவிட்ட நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. அதனை எதிர்க்கும் மரபுக்கூறு இவ்வாறு தாவும் வளையத்தில் அமர்ந்திருப்பதைச் சீன ஆய்வாளர் 2015இல் அறிவித்தனர். பன்றிகளிடமும் பன்றி இறைச்சியிலும் கண்ட அதே கூறு, மருத்துவமனை நோயாளிகளிடமும் இருந்தது. நம் நாட்டில் உணவுக்குரிய கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நல்ல செயல், காலம் தாழ்ந்த நல்ல செயல்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மறையூர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது. மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால், மூணாறு நனைந்துகொண்டிருக்கையில் நாங்கள் வானம் பார்த்துக்கொண்டிருப்போம். சந்தனக் காட்டாலும் வெல்லத்தாலும் பேர்பெற்ற ஊர். வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பக்கம் மூணாறு. மறுபக்கம் சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்து மலையிறங்கினால் உடுமலை. இரண்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கரும்பு வெட்டும் வேலைக்கு மலையேறி அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. எங்களுக்குப் பேச்சு தமிழ், அரசாங்கம் மலையாளம், மருந்துப் பெட்டி ஆங்கிலம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையின் மாடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டியில் 1963இல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கிற்று. பிரவுன் சுவிஸ் காளைகளை நாட்டு மாடுகளோடு கலந்து 'சுனந்தினி' என்னும் இனத்தை உருவாக்கினார்கள். படிகணக்கில் கறந்த வீட்டில் குடம்கணக்கில் கறந்தார்கள். அதைக் குறைகூற மாட்டேன். அந்தப் பாற்பணத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், மிகுதியாகப் பால் சுரக்கும் மடிக்கு மடிநோயும் எளிதில் வருகின்றது. காலையில் கறக்க உட்காரும் பெண், ஒரு காம்பு சூடேறி இறுகியிருப்பதையும், பால் திரிதிரியாக வருவதையும் காண்கிறாள். அப்போது அவள் செய்யக்கூடியது என்ன?

கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தால் அழைக்கிறாள். இல்லையேல், முன்பு வந்த நோய்க்கு வாங்கிய பெட்டியின் கிழிந்த அட்டையைக் கொடுத்து அதே மருந்தை வாங்கிவரச் சொல்கிறாள். காம்பில் ஏற்றும் குழல்மருந்து ஒன்று, ஊசி ஒன்று. இரண்டு நாளில் வீக்கம் வடிந்தால் மூன்றாம் நாள் மருந்து நின்றுவிடும், காசு மிச்சம். பிளெமிங்கின் பேருரையை அவள் எங்கே கண்டாள்?

இங்கேதான் சட்டம் உள்ளே வருகின்றது. உணவுக்குரிய கால்நடைக்கான மருந்துப் பெட்டியின் மேல், மருந்து நின்றபின் எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விலக்க வேண்டும் என்பதை அச்சிட வேண்டுமென்று 2012 ஜனவரியில் மருந்து விதிகளைத் திருத்தினார்கள். அக்காலம் ஆராய்ந்து உறுதி செய்யப்படாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்குக் குறையலாகாது. இறைச்சிக்கு 28 நாட்களுக்குக் குறையலாகாது. நல்ல விதி. எழுத்து எறும்பளவு, மொழி ஆங்கிலம். இதை அந்தப் பெண் படித்து, பொருள் உணர்ந்து, நடக்க வேண்டும்!

சரி, படித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு. மருந்து கொடுக்கும் நாள் மூன்று, விலக்கு நாள் ஏழு. ஆகப் பத்து நாளில் 100 லிட்டர். லிட்டர் 40 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 4,000 ரூபாய். மருந்துச் செலவு தனி; தீவனச் செலவு நிற்காது, நோயுற்ற மாடும் தின்னத்தான் செய்யும். ஒன்றோ இரண்டோ மாடு வைத்திருக்கும் வீட்டில் இந்த 4,000 ரூபாய் மகனின் விடுதிக் கட்டணமாக இருக்கலாம், நகையை மீட்க வைத்த பணமாக இருக்கலாம். "பாலைக் கீழே கொட்டு" என்று சொல்வதற்கு நமக்கு நா எழுகிறது. ஏனெனில் அது நம் பால் அன்று.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விலக்கு நாட்களின் இழப்பை மாடு வளர்ப்போர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு விழிப்புணர்ச்சி பேசுவது வீண் பேச்சு. அந்தப் பாலை விலக்குவதால் பயன் பெறுபவர் யார்? ஊர், நகரம், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் முகமறியா நோயாளி. பயன் எல்லார்க்கும், நட்டம் ஒருத்திக்கு என்றால் எந்த நியாயத்தில் சேரும்? பால் சங்கம் அந்த நாட்களின் பாலைத் தனியே அளந்து, கால்நடை மருத்துவரின் சீட்டைப் பார்த்து, பாதி விலையேனும் கொடுத்து, அப்பாலை அழித்துவிட வேண்டும். அச்செலவில் அரசு பங்கு ஏற்க வேண்டும். ஏமாற்றுவார்களே என்பர் சிலர். மாட்டின் காதில் இன்று 12 இலக்க எண் தொங்குகின்றது. சீட்டில் அந்த எண்ணை எழுத எத்தனை நொடி ஆகும்? சீட்டு இருந்தால்தான் காசு என்றால், கிழிந்த அட்டையைக் கொடுத்து மருந்து வாங்கும் வழக்கமும் தானே குறையும். விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டலாமே என்று சிக்கனம் பேசுவோர்க்கும் ஒரு சொல்: ஆகாது. கன்றின் குடலில் அதே பாடம் மறுபடி தொடங்கிவிடும்.

"இவ்வளவு கூக்குரல் எதற்கு? பாலில் அப்படியொன்றும் மருந்து இல்லையே" என்று கேட்பவர்க்கும் ஆதாரம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பு மீறியிருந்தவை 77, நூற்றுக்கு 1.2. பால் குடிப்பவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு. எச்சம் பாலோடு வரும், அளந்துவிடலாம். எதிர்க்கப் பழகிய கிருமியோ சாணத்தில் போகும், கறப்பவர் கையில் ஒட்டும், வாய்க்காலில் இறங்கும். பாலைக் காய்ச்சினால் பாலிலுள்ள கிருமி சாகும். வாய்க்காலை யார் காய்ச்சுவது? மனிதரே மருத்துவமனைகளில் இம்மருந்துகளை அள்ளி விழுங்குகையில் மாட்டைக் குறைகூறலாமா என்பதும் நியாயமான கேள்வியே. மனிதர் பங்கு பெரிது. கோழிப் பண்ணையின் பங்கும் இரண்டு மாட்டு வீட்டின் பங்கைவிடப் பெரிது. சின்னாறு வழியே மலையேறும் கோழி வண்டிகளைக் காண்போர்க்கு அது தெரியும். ஆயினும் பெரியவன் திருந்தட்டும், பிறகு பார்க்கலாம் என்று கிருமி காத்திருப்பதில்லை.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. மருந்து எதிர்ப்பைத் தடுக்க 2018 அக்டோபரில் செயல்திட்டம் வகுத்தது. இந்தியாவில் முதலில் அதைச் செய்த மாநிலம் அதுவே. டாக்டர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்னும் சோதனையைத் தொடங்கிற்று. பாராட்ட வேண்டியவை. ஆனால் எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றின் சுவரில் இதுபற்றி ஒட்டியிருந்த பெரிய படத்தாள் முழுதும் மலையாளம். அதன் கீழே அமர்ந்திருந்த முதியவர்களுள் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். நான் மொழிச் சண்டைக்கு வரவில்லை. மலையாளம் எனக்கு இனிய மொழியே, அதிலேதான் பாதி நட்பு. மருந்தின் பெயரும் நாளின் எண்ணிக்கையும் விளங்க வேண்டும் என்பது மட்டுமே என் வழக்கு. தமிழ்ச் சிறுபான்மையோர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே வழி செய்திருக்கிறது. கடிதத்திற்குத் தமிழ் தந்த அரசு படத்தாளுக்குத் தரமாட்டேன் என்று சொல்லாது, கேட்பார் வேண்டும்.

நம் மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்து மாட்டு வைத்தியத்தை ஆராய்ந்து மடிநோய்க்கு ஒரு மருந்தை ஒழுங்குபடுத்தித் தந்தார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து, நீர் கலந்து, நாளொன்றுக்குப் பலமுறை மடியில் பூச வேண்டும், ஐந்து நாள். தேசிய பால்வள வாரியமே இதைப் பரப்புகின்றது. எல்லா மடிநோய்க்கும் இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலில் படுத்துவிட்டால் மருத்துவரே வேண்டும். தொடக்கத்திலேயே பூசி, ஊசிக்கு வேலையில்லாமல் போனால், ஆன்டிபயாடிக்குக்காகப் பாலை விலக்கும் கணக்கும் இல்லாமற் போகின்றது.

சங்கத்தின் செயற்குழுவிற்கு என் விண்ணப்பம் இது. ஒரே பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் அச்சிடுவோம்: எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு வழங்கும் மருந்துகளின் பெயர் தமிழெழுத்தில், எத்தனை நாள் விடாமல் கொடுப்பது, எத்தனை நாள் பால் விலக்கு, யாரைக் கேட்பது. கால்நடை மருத்துவர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே அச்சுக்குப் போக வேண்டும். செலவு மிகுதி என்பார்களாயின், பொங்கல் விழா மேடையில் இவ்வாண்டு ஒரு வளைவைக் குறைத்துக்கொள்ளலாம். மூணாறு, வட்டவடை, காந்தளூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் நண்பர்களும் அட்டப்பாடி, சித்தூர் நண்பர்களும் ஆளுக்கொரு கட்டு எடுத்துச் செல்லட்டும். முதல் வரைவை எழுதி வைத்திருக்கிறேன். விலங்கியலும் வேதியியலும் பயிலும் தோழர்கள் பிழை பார்த்துத் தந்தால், மே மாதம் ஊருக்குப் போகும்போது பால் சங்கத்தின் கதவில் நானே ஒட்டிவிடுவேன்.