தோற்றவருக்கே தடுக்கும் உரிமையா?

நிகரகுவாவின் துறைமுகங்களில் 1984-இல் அமெரிக்கா கண்ணிவெடிகளை வைத்தது. அந்நாட்டு அரசை எதிர்த்த கான்ட்ரா படைகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. இது சட்டமீறல், இழப்பீடு தர வேண்டும் என்று 1986 ஜூன் 27 அன்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரி நிகரகுவா ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனது. 11 நாடுகள் ஆதரித்தன. 3 நாடுகள் ஒதுங்கின. எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. அது கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்; அந்த ஒரு வாக்கே தடுக்கும் உரிமையான வீட்டோ என்பதால் தீர்மானம் வீழ்ந்தது. நிகரகுவாவில் ஆட்சி மாறிய பின், 1991-இல், அந்நாடே வழக்கைக் கைவிட்டது.

இதைக் காட்டி, சர்வதேசச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடுவது தவறு. வங்கக் கடல் எல்லை வழக்கில், பூசலுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ 2014-இல் நடுவர் மன்றம் வங்கதேசத்துக்கு வழங்கியது. சிறிய அண்டை நாட்டிடம் இழந்தபோதும் இந்தியா அதை ஏற்றது. எந்தப் படையும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லை தெளிவானால் மீன்பிடிப்பும் எண்ணெய்த் தேடலும் பூசலின்றி நடக்கும். இன்று நாம் மதிக்கும் தீர்ப்பே நாளை நமக்குக் காப்பு. இந்தக் கணக்குதான் சர்வதேசச் சட்டத்தின் அடித்தளம்.

கணக்கு பிசகுவது வல்லரசுகளிடம். தீர்ப்பை மதிக்காத நாட்டின்மீது பாதுகாப்பு கவுன்சிலில் முறையிடலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94-ஆம் பிரிவு. பூசலை அமைதியாகத் தீர்க்கும் தீர்மானங்களில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்கக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. ஆனால், அந்தத் தடை தீர்ப்பை நிறைவேற்றும் தீர்மானங்களுக்கு நீட்டப்படவில்லை. வழக்கில் தோற்ற நிரந்தர உறுப்பினரே தீர்ப்பை முடக்கலாம்!

சாசனத்தைத் திருத்த ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஒப்புதலும் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. ஆனால், வீட்டோ பயன்படுத்தப்பட்டால் 10 வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி விவாதிக்க வேண்டும் என 2022-இல் முடிவானதற்குச் சாசனத் திருத்தம் தேவைப்படவில்லை. தாங்கள் ஒரு தரப்பாக இருந்த வழக்கின் தீர்ப்பு வாக்கெடுப்புக்கு வரும்போது ஒதுங்கி நிற்போம் என்று ஐந்து நாடுகளும் உறுதியளிக்க வேண்டும். மறுப்பவரிடம் பொதுச் சபை காரணம் கேட்க வேண்டும்.

நிரந்தர இடம் கோரும் இந்தியா இந்த உறுதிமொழியை இப்போதே அறிவிக்கட்டும். கூடவே, காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளுக்கு சர்வதேச நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்க மறுக்கும் நம் பழைய விதிவிலக்கையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் ஜாதவின் வழக்கில் அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய நாம், பிறர் தட்டும்போது தாழிடுவது முறையல்ல.