கட்டும் முன்பே தடுக்க வேண்டாமா?

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ந் தேதி, சனிக்கிழமை. கேரளத்தில் கொச்சி நகரை அடுத்த மரடு என்ற ஊரில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சுற்றிலும் குடியிருந்த ஜனங்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டு விட்டார்கள். காலை 11 மணிக்குப் பிறகு அபாயச் சங்கு ஊதியது. அடுத்து, பயங்கரச் சத்தம்! காயல் கரையில் வானளாவ நின்ற அடுக்குமாடிக் கட்டிடம் சில நொடிகளில் தரைமட்டம் ஆனது. எங்கும் ஒரே புழுதி!

அன்றும் மறுநாளுமாக நான்கு குடியிருப்புகள் இப்படி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் அதிகமான வீடுகள் மண்ணோடு மண்ணாயின.

இடிக்கச் சொன்னது யார்? சுப்ரீம் கோர்ட்டு.

குடியிருந்தவர்கள் செய்த குற்றம் என்ன? அவர்கள் நிலத்தைத் திருடவில்லை. பணம் கொடுத்து வாங்கினார்கள். பத்திரம் இருந்தது. பஞ்சாயத்து கொடுத்த அனுமதியும் இருந்தது. ஆனால் கட்டிடம் எழுந்த இடம், கட்டக்கூடாத இடம்!

கரையில் ஒரு கோடு

கடலோரத்தைக் காப்பதற்காக மத்திய சர்க்கார் 1991-ம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்தது. கடல் பெருகி ஏறும்போது தண்ணீர் எதுவரை வருகிறதோ, அந்த இடத்துக்கு 'உயர் அலைக் கோடு' என்று பெயர். அந்தக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கட்டிடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. கடல் நீர் ஏறி இறங்குகிற ஆறு, காயல், உப்பங்கழி ஆகியவற்றின் கரைகளுக்கும் தனித்தனி அளவில் கட்டுப்பாடு உண்டு. 2011-லும் 2019-லும் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. என்றாலும் கட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. இந்தியக் கடற்கரை முழுவதற்கும் இது பொருந்தும்.

கேரளத்தில் மற்றொரு சட்டமும் இருக்கிறது. நெல் வயலையும் சதுப்பு நிலத்தையும் மண் கொட்டி மேடாக்கக் கூடாது என்று 2008-ல் அந்தச் சட்டம் வந்தது. இதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் ஒரு குழு உண்டு. பஞ்சாயத்துத் தலைவர், விவசாய அதிகாரி, கிராம அதிகாரி, விவசாயிகளின் பிரதிநிதிகள் ஆகியோர் அதில் இருப்பார்கள். சட்டத்தை மீறி மண் கொட்டினால், அதை அகற்றி நிலத்தைப் பழையபடி ஆக்கும்படி கலெக்டர் உத்தரவிடலாம்.

தண்ணீர் எங்கே போகும்?

"ஒரு மூலையில் நாலு வண்டி மண் கொட்டினால் என்ன கெட்டுப் போகும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மழைக்காலத்தில் பெருகி வரும் தண்ணீருக்கு இடம் வேண்டும். அதைச் சதுப்பு நிலம் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஒருவர் தம் மனையை ஐந்து அடி உயர்த்தினால் தண்ணீர் மறைந்து விடாது. பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போகும்! கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்கு இடையில்தான் இறாலும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அங்கே மண் விழுந்தால் மீனவர் வீட்டு அடுப்பில் பூனை உறங்கும்.

மரடு ஊரைத் தொட்டுக் கிடப்பது வேம்பநாட்டுக் காயல். உலக நாடுகளின் ஒப்பந்தப்படி காக்கவேண்டிய சதுப்பு நிலமாக 2002-ல் அது பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் வெள்ளம் வந்தது. நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பேய்மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வந்த தண்ணீர் தங்குவதற்கு இடம் விட்டு வைக்கலாம் அல்லவா?

பதின்மூன்று ஆண்டுகள்

மரடில் நடந்தது என்ன? 2006-ல் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. கடலோரத்தைக் கண்காணிக்கும் அதிகார சபையின் சம்மதத்தைப் பெறவில்லை. அடுத்த ஆண்டே விஷயம் வெளியே வந்தது. நோட்டீசு போயிற்று. கட்டியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கும் நடந்தது, கட்டிடமும் வளர்ந்தது! வீடுகள் விற்பனை ஆயின. குடும்பங்கள் குடியேறின. 2019 மே 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தபோது பதின்மூன்று ஆண்டுகள் ஓடி விட்டன.

அந்த ஆண்டு செப்டம்பரில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தண்ணீரும் நின்றது. முதியவர்களும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினார்கள். வீட்டுக்கு ரூ.25 லட்சம் இடைக்கால நஷ்ட ஈடு வழங்க கோர்ட்டு உத்தரவிட்டது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களுக்கு அது ஆறுதலே தவிர, வீடு ஆகாது.

தீர்ப்பு கடுமையானது என்று சொல்லலாம். தவறானது என்று சொல்ல முடியாது. கட்டி முடித்துவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது என்ற தைரியம் வளர்ந்தால், நாட்டில் ஒரு கரைகூட மிஞ்சாது. ஆனால் அந்தக் கடுமை 2006-ல், முதல் லாரி மண் வந்து இறங்கிய அன்றே வந்திருக்க வேண்டும். அப்போது ஒரு தாளில் "இல்லை" என்று எழுதியிருந்தால் போதும். வெடி மருந்து தேவைப்பட்டிருக்காது.

செய்ய வேண்டியது

எந்தெந்த சர்வே எண்ணில் கட்டக்கூடாது என்பதைத் தாய்மொழியில் எழுதி, வரைபடத்துடன் ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் தொங்கவிட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும். கோடு போகும் இடத்தில் கல் நட வேண்டும். விதியை மீறி அனுமதி கொடுத்த அதிகாரியும், அதைக் காட்டி விற்றவரும் முதலில் பதில் சொல்ல வேண்டும். பரம்பரையாகக் கரையில் வாழும் மீனவர் வீடுகளுக்கு விதிகளிலேயே இடம் உண்டு. அவர்களை விரட்ட இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது.

மனை வாங்குவோர் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று அக்கம்பக்கத்தில் உள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கடலோர வரைபடத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் செலவாகும். கேட்காமல் வாங்கினால், ஒரு வாழ்நாள் உழைப்பே போய்விடும்!