கீரை ஓகே, ஈரல் வேண்டாமா? கர்ப்பிணிகளுக்கு மீன் குஞ்சு சொல்லும் கண் ரகசியம்!

செட்டிநாட்டு வீடுகளில் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்றால், தட்டில் முருங்கைக்கீரை வரும். ‘ரத்தம் ஊறும்’ என்று ஆட்டு ஈரல் வறுவலும் வரும். இரண்டுமே வைட்டமின் ஏ தருபவைதான். ஆனால், வயிற்றில் வளரும் சிசுவுக்கு இரண்டும் ஒன்றல்ல. காரணம் புரிய, ஒரு குட்டி மீனைப் பார்க்க வேண்டும்.

வண்ணமீன் தொட்டிகளில் நீலக் கோடுகளுடன் ஓடும் வரிக்குதிரை மீன் நம் நாட்டுக்காரர்தான். கங்கைப் பகுதி மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் இதைப் பதிவு செய்தார். இதன் முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளே கண் உருவாவதை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கலாம். கருவுற்ற 24 மணி நேரத்திலேயே கண்ணில் கறுப்பு நிறம் படரத் தொடங்கிவிடும்.

மூன்று நொதிகளின் வேலை

முட்டையின் மஞ்சள் கருவில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. கீரையிலும் கேரட்டிலும் இருக்கும் அதே சத்து. ஒரு நொதி (என்சைம்) அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கும். இன்னொன்று அதை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றும். கண் எப்படி அமைய வேண்டும் என்று செல்களுக்குச் சொல்வது இந்த அமிலம்தான். மூன்றாவது நொதி, மிச்சமாகும் அமிலத்தை அழித்துவிடும்.

முதல் நொதியை ஜெர்மனி ஆய்வாளர்கள் முடக்கிப் பார்த்தார்கள். குஞ்சின் கண்கள் கோணலாயின. 2003-ல் வெளியான முடிவு இது. அளவு கூடினாலும் ஆபத்துதான். 1992-ல் அமெரிக்காவில் கருவுக்கு ரெட்டினாயிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தபோது, ஒரே கண்ணில் இரண்டு விழித்திரைகள் உருவாயின.

நம் வீட்டுக்கு என்ன சேதி?

மனித உடலிலும் இதே வகை நொதிகள்தான் வேலை செய்கின்றன. கீரை சாப்பிட்டால் உடல் தேவைக்கு ஏற்பத்தான் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றும். ஈரலில் இருப்பதோ ஏற்கெனவே மாற்றப்பட்ட வைட்டமின் ஏ. முதல் நொதியின் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. அதனால்தான் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை, கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. அது ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமே. கருவின் முகம், மூளை, இதயம் எல்லாவற்றையும் பாதிக்கும். கல்யாணத்துக்கு முகம் பளிச்சென்று இருக்க இதைத் தொடங்கியவர்கள், நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே குழந்தைக்குத் திட்டமிட வேண்டும்.

அதற்காக வைட்டமின் ஏ-யையே ஒதுக்கிவிடக் கூடாது. குறைந்தால் தாய்க்கு மாலைக்கண் வரலாம். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளிப்பழம் என்று வழக்கமான அளவில் சாப்பிடலாம். சத்து மாத்திரையோ, பரு மாத்திரையோ, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்!