தேடுமுன் ஒரு கேள்வி

இரும்பு, செம்பு, ஈயம் என்று ஒரு பட்டியல். இதில் செம்பு எத்தனையாவது? "இரண்டாவது" என்று நொடியில் சொல்லிவிடுவீர்கள். ஏ.பி.எல். என்னும் கணிப்பொறி மொழியின் இன்றைய வடிவில் இதையே கேட்டுப் பாருங்கள். 2 வராது, 4, 4, 4... என்று எண்களின் வரிசை வரும்!

கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962இல் எழுதிய நூலின் தலைப்பே இம்மொழிக்குப் பெயராயிற்று. இம்மொழிக்குச் சொல் என்பது எழுத்துகளின் வரிசை. ஆகவே "செம்பு" என்பதன் எழுத்துகளைத் தனித்தனியே தேடுகிறது. பட்டியலில் இருப்பவையோ முழுச் சொற்கள். எதுவும் பொருந்தாததால், மூன்று உறுப்புகளுக்கு அடுத்த எண்ணாகிய 4ஐத் தருகிறது. "இல்லை" என்பதற்கு அதுவே அடையாளம்.

"இதை ஒரே உறுப்பாகக் கொள்" என்று உணர்த்தும் குறியொன்றைச் சொல்லின் முன் இட்டால் போதும், விடை 2.

இதைத் தொல்லை என்பாரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. எதைச் சார்ந்து என்று சொல்லாமல் வேகத்தைக் கேட்டால், இயற்பியலில் விடை உண்டா? கேள்வியைத் திருத்தமாகக் கேட்கப் பழக்கும் மொழி நல்ல ஆசிரியருக்குச் சமம். விடை தவறினால் பொறியை நோகாதீர்கள். முதலில் உங்கள் கேள்வியைச் சோதித்துப் பாருங்கள்.